கட்டுக்கு மேல் கட்டு

மேசை நாற்காலி விற்கும் அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் புதுச் சரக்கு எதைத் தேடினாலும் வரவில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பு, அன்றோடு சோதனைக்காலம் முடிகிற புது ஆளின் தலையில் விழுந்தது. கல்யாணமும் புதிது என்பதால் ஆபீஸுக்கே அவன் மாப்பிள்ளை.

"சாயந்திரத்துக்குள்ள எல்லாத்தையும் ஏத்திடு மாப்பிள்ளை. அப்புறம் உன் வேலை விஷயம் பேசுவோம்," என்றார் மேனேஜர்.

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அவன் மனைவி பிறந்த வீட்டில் போன வாரமே தம்பட்டம் அடித்துவிட்டாள்.

சரக்கு விவரங்களை ஒவ்வொன்றாகத் தேடல் டேட்டாபேஸுக்கு அனுப்பினான். எல்லாம் நடுவிலிருக்கும் பிராக்ஸி சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். அதுவோ கறாரான காவல்காரர் மாதிரி ஒவ்வொன்றையும் நிறுத்தி, விசாரித்து, ஆடி அசைந்து உள்ளே விட்டது. இந்த வேகத்தில் போனால் வேலை முடிவதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடலாம்.

மொத்தத்தையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினான். மிகப் பெரிது என்று பிராக்ஸி முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பியது.

பிராக்ஸியைப் பார்த்துக்கொள்பவர் எதிர் மேசை அக்கா. எல்லோருக்கும் அவர் வாசலக்கா.

"அக்கா, கொஞ்சம் பெரிய கட்டா விடக்கூடாதா?"

"சின்னதாக் கட்டு தம்பி," என்றார் தலையைத் தூக்காமல்.

சின்னதாகக் கட்டினான். போனதா இல்லையா என்று பதிலே காணோம். பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பு என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்தான். மகா புத்திசாலி! கட்டுகள் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தன, பதில்தான் தாமதம். புரோகிராம் அனுப்பித் தள்ளியது. நாற்காலி என்று தேடினான். ஒரே நாற்காலி பக்கம் பக்கமாக வந்து நின்றது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அப்பா பக்கத்துல நிக்கறார். உங்களுக்கு வாழ்த்து சொல்லணுமாம்."

"மீட்டிங்ல இருக்கேன்மா," என்று வைத்தான்.

இரண்டாம் முறை ஏறியதை மட்டும் அழிக்கச் சொல்லி ஒரு கட்டு தயார் செய்தான். அவசரத்தில் அந்த 'இரண்டாம் முறை' என்ற நிபந்தனை விடுபட்டுப் போனது. காலையிலிருந்து அவன் அனுப்பியதில், மறுபேச்சில்லாமல், கண் மூடித் திறப்பதற்குள் பிராக்ஸி உள்ளே விட்டது அந்த ஒரு கட்டைத்தான்.

நாற்காலி இல்லை. மேசை இல்லை. கட்டில், அலமாரி, ஒரு முக்காலிகூட இல்லை. கம்பெனியையே துடைத்து வைத்துவிட்டான்.

மேனேஜர் அவன் திரையை எட்டிப் பார்த்தார். "காலியா இருக்கே. யாரு பண்ணது?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எதிர் மேசையில் ஆள் இல்லை. மாப்பிள்ளையின் வாய் அவனைக் கேட்காமலே பேசிவிட்டது.

"பிராக்ஸிதான் சார். அக்கா ஏதோ மாத்திட்டாங்க. நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

மேனேஜர் அவனை ஒரு கணம் பார்த்தார். "சரி," என்று தன் அறைக்குப் போய்விட்டார்.

காபி எடுக்கப் போயிருந்த வாசலக்கா திரும்பி வந்தார். அவனுக்கும் சேர்த்து ஒரு கப் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைக்கும்போதே மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டார். மாப்பிள்ளையால் அந்தக் காபியைத் தொட முடியவில்லை. அக்கா வெளியே வந்ததும் எழுந்து போய் நின்றான்.

"மன்னிச்சிடுங்கக்கா. உங்க மேல பழியைப் போட்டுட்டேன். கம்பெனி சரக்கு மொத்தத்தையும் அழிச்சது நான்தான். இப்பவே போய் சார்கிட்ட சொல்லிடறேன்."

வாசலக்கா அவனைப் பாவமாகப் பார்த்தார்.

"சரக்கெல்லாம் பத்திரமா இருக்கு தம்பி. சோதனைக்காலத்தோட கடைசி நாள் மட்டும் புது ஆளுங்க அனுப்பறதையெல்லாம் ஒத்திகைக்குன்னு வெச்சிருக்கற நகலுக்குத்தான் திருப்பி விடுவேன். அழிக்காதவங்க யாருமே இல்ல, நானும் அழிச்சேன். யாரு பண்ணதுன்னு சார் கேக்கறாரே, அதுதான் பரீட்சை."