ரிஜெக்ட் அக்கா கொடுக்காத பேட்ஜ்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பையும் மனிதனையும் ஒரே சாக்பீஸால் கழித்துக்கட்டிய பெண்மணி என்று ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ரிஜெக்ட் அக்காதான். இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. புகாராகச் சொல்கிறேன்.

தண்ணீர் பம்புகளுக்கு வார்ப்பு உதிரிகள் செய்யும் கம்பெனி அது. நான் டெஸ்பாட்ச் குமாஸ்தா. அவர் தரப் பரிசோதனை. வந்து விழும் ஒவ்வொரு உருப்படியையும் தட்டுவார், தடவுவார், காதருகே வைத்துக் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. கேன்டீன் வடையையும் அவர் கழித்தார், ஓட்டை நடுவில் இல்லையாம். என் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். வாழ்த்துவதற்கு முன்னால் எழுத்துப்பிழை தேடினார். இரண்டு இருந்தன.

இப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை கோபத்தோடு வந்து சேர்ந்தார். முந்தின நாள் மகளுடைய சாரணர் சட்டையைத் துவைத்தாராம். கை முழுக்க வட்ட வட்டமாகப் பேட்ஜ். முடிச்சுப் போட்டதற்கு ஒன்று, கூடாரம் கட்டியதற்கு ஒன்று.

"பன்னண்டு வயசுப் பொண்ணு, பதினாலு பேட்ஜ் குத்திகினு திரியிறா. நம்பள்ளாம் இத்தினி வருசமா இன்னாத்த கத்துகினோம்? வந்தோம், பஞ்ச் வச்சோம், நாஷ்டா துன்னோம், ஊட்டுக்குப் போனோம்!"

அன்று மதியமே சட்டம் அமலுக்கு வந்தது. முப்பது வயதைத் தாண்டிய எவரும் சேரலாம். இதுவரை செய்யாத ஒன்றைப் புதிதாகக் கற்க வேண்டும். அக்கா சோதிப்பார். தேறினால், பழைய காக்கி யூனிஃபார்மை வட்டமாக வெட்டி, அவரே பூ வேலை செய்த பேட்ஜ். அவருக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. அதனால் முதலில் அதைக் கற்றார். தனக்குத் தானே நான்கு முறை ரிஜெக்ட் போட்டுக்கொண்டு, ஐந்தாவது தடவை பாஸ் ஆனார்.

வாட்ச்மேன் மவுத் ஆர்கன் கற்றார். கேட்டில் லாரிகள் நிற்க, அவர் ஊதிக்கொண்டிருப்பார். லேத் ஓட்டுபவர் தன் மகளுக்கு இரட்டைப் பின்னல் போடக் கற்று, முதல் மாதத்திலேயே பேட்ஜ் வாங்கினார். உண்மையான போராட்டம் கிரேன் ஓட்டும் நைனாவுடையது. ஆந்திர எல்லையோரத்து மனிதர். எல்லோரையும் 'நைனா' என்று கூப்பிடுவார், அதனால் அவரே நைனா ஆனார். மனைவிக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. வெந்நீர்கூட வைத்தறியாத மனிதர் ரசம் கற்கப் புறப்பட்டார்.

முதல் ரசத்தை வாயில் விட்ட அக்கா, "இன்னா நைனா, புளித்தண்ணிய சுட வச்சிகினு வந்துட்ட?" என்றார். ரிஜெக்ட். இரண்டாவதில் பெருங்காயம் அதிகம், மூன்றாவது கருகல். நாலாவது வாரம், கையில் இரண்டு சூட்டுக் கொப்புளங்களோடு ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அக்கா ஒரு டம்ளர் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். பேட்ஜை எடுத்து நைனாவின் சட்டையில் குத்தினார். டன் கணக்கில் இரும்பைத் தூக்குகிற மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போய்க் கிரேனில் ஏறிவிட்டார்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதையே எடுத்துக்கொண்டேன். தேர்வு: கேட்டிலிருந்து எடைமேடை வரை, கால் ஊன்றாமல். முக்கால் தூரம் ராஜா மாதிரி போனேன். ஒரு நாய் குறுக்கே வந்தது. கால் ஊன்றினேன்.

"ரிஜெக்ட்."

"அக்கா! நாய் வந்துச்சுக்கா!"

"பாத்தேன். அது நேராப் போச்சி. வேணும்னா அதுக்குக் குத்தறேன்."

நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? நான்கு பக்கத்தில் மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கமும் பெருக்கல் குறியோடு திரும்பி வந்தன.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மேனேஜரின் கண் பேட்ஜ்கள்மேல் விழுந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், காட்ட ஏதாவது வேண்டும். 'திறன் திருவிழா' என்று பேனர் கட்டி, பிளாஸ்டிக் பேட்ஜ்களைப் பெட்டிப் பெட்டியாக அச்சடித்து, எல்லோருக்கும் வாரி வழங்கினார். கேட்காமலேயே எனக்கு ஒரு சைக்கிள் பேட்ஜ். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குத்திக்கொண்டேன். மேனேஜர் தனக்குத் தானே எட்டு எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று சமையல். அவற்றைக் குத்திவிடும்படி அக்காவை மேடைக்கு அழைத்தார்கள்.

அக்கா சமையல் பேட்ஜைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மைக்கை நோக்கிக் குனிந்தார்.

"சார், ரசத்துக்குப் பருப்பு எப்ப ஊத்துவீங்கோ?"

மேனேஜர் சிரித்தார். "அதெல்லாம் எதுக்கும்மா? சும்மா ஒரு உற்சாகத்துக்குத்தானே?"

"சும்மாவா? அதோ நிக்கிறாரே நைனா, கைய சுட்டுகினு நாலு வாரம் கத்துகினாரு சார். நீங்க பொட்டியத் தொறந்து எடுத்துகிறீங்கோ. அப்ப அவரு பட்ட பேஜாருக்கு இன்னா மரியாத?"

அக்கா பேட்ஜை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் அக்காவுக்கு மெமோ. மன்னிப்புக் கடிதம் எழுதித் தரும்வரை கழிவு இரும்பு யார்டில் வேலை. வெயிலில், தகரக் கூரைகூட இல்லாத இடத்தில், துண்டு இரும்பை எண்ணிக்கொண்டு! மன்னிப்புக் கடிதத்தை அக்கா என் மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினார். முடித்ததும் ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

"இதுல வருத்தமே இல்லியேபா," என்றார். பையிலிருந்து சாக்பீஸை எடுத்துப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, அதையே மேனேஜர் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் யார்டுக்குப் போனேன். அக்கா என் நெஞ்சில் இருந்த பிளாஸ்டிக் பேட்ஜைப் பார்த்தார்.

"ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

கழற்றிக் கழிவுக் குவியலில் போட்டேன்.

"சைக்கிள எட்தா," என்றார்.

அடுத்த பதினோரு நாள் சாப்பாட்டு வேளையில், இரும்புக் குவியல்களுக்கு நடுவே நான் சைக்கிளில் தள்ளாட, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேரியரைப் பிடித்தபடி அவர் பின்னால் ஓடினார். ஓடியது மட்டுமா? "குனியாத! மின்னாடி பாரு! உனுக்கெல்லாம் எவன்யா பொண்ணு குடுத்தான்!" என்று கம்பெனி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பன்னிரண்டாம் நாள் கேட்டிலிருந்து எடைமேடை வரை கால் ஊன்றாமல் போய்த் திரும்பியும் வந்தேன். வியர்வை வழிய அவர்முன் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"இன்னா?" என்றார்.

"பேட்ஜ்."

"நானே செஞ்ச சரக்க நானே பாஸ் பண்ணா, அது இன்னா இன்ஸ்பெக்‌ஷன்? போபா."

கடைசிவரை தரவேயில்லை!

யார்டிலிருந்து அவரை மீட்டது வாடிக்கையாளர்தான். அவர் இடத்துக்கு வந்த ஆள் எல்லாவற்றுக்கும் பச்சை டிக் போட, ஒரு லாரி நிறையச் சரக்கு விரிசல் விட்டுத் திரும்பி வந்தது. மேனேஜரே நேரில் போய் அழைத்தார். அழைத்ததோடு நிற்காமல் மறு வாரம் ஒரு டிபன் கேரியரில் ரசமும் கொண்டுவந்தார்.

அக்கா நக்கிப் பார்த்தார். "உப்பு இல்ல சார். அட்த்த வாரம் வாங்கோ."

அவர் அடுத்த வாரமும் வந்தார்.

நான் இப்போது திருவள்ளூரில் வேறொரு அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் நல்லவர்கள். நான் தப்பாகக் கணக்குப் போட்டு அனுப்பினாலும் வாட்ஸப்பில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்கள், படித்தும் பார்ப்பதில்லை. அது தாங்க முடியாமல் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் மாறி ரயில் ஏறி அத்திப்பட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன். கதவைத் திறக்கும்போதே அவர் திட்ட ஆரம்பிப்பார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.