ஜெபிஷா ஓடாத விவரம்

சேக்காடு,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு.

என் பிரியமுள்ள கணவரும் ஜெபிஷாவின் அப்பாவுமான மேக்ஸ்வெல் அவர்களுக்கு, ஹெலினா எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே நான், மாமா, ஜெபிஷா மூவரும் சுகம். மஸ்கட்டில் உங்களையும், உங்கள் அறையில் இருக்கும் மற்ற மூன்று பேரையும், வெயில் காலம் வந்தால் மட்டும் பழுதாகிற அந்த ஏசியையும் அவர் காத்துக்கொள்வாராக. தினமும் சாயந்திரம் ஏழரைக்கு வீடியோவில் பார்க்கிற ஆளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். அந்த ஏழரை மணி ஜெபிஷாவுடையது. அதில் என் பங்கு, படத்தின் ஓரத்தில் ஒரு தோள் தெரிகிற அளவு இடம். அந்த இடத்திலிருந்து இவ்வளவு நீளமான விஷயத்தைச் சொல்ல முடியாது. உங்கள் பின்னால் வேறு யாராவது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்வந்தபடி இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்த உங்கள் நண்பன் டேனி செவ்வாய்க்கிழமை திரும்ப விமானம் ஏறுகிறான். அவனிடம் தரும் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி இதை வைத்துக் கட்டுகிறேன். முதலில் காகிதத்தைப் பிரியுங்கள், பிறகு மூடியைத் திறக்கலாம்.

விஷயம் இதுதான். உங்கள் மகள் ஓடுவதில்லை. நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று ஒரு மாதமாக நான் சொல்லவில்லை. பள்ளியில் கிருஷ்ணப்பிரியா மிஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, "மேம், ஜெபிஷா ரொம்ப நல்ல பொண்ணு. அதுதான் பிரச்சனை" என்று ஆரம்பித்தார். நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டுமாம், டாக்டர்கள் சொல்கிறார்களாம். மற்ற பிள்ளைகள் மூன்று மணி நேரத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு மிஸ்ஸின் துப்பட்டாவில் ஊஞ்சல் ஆடுகின்றன. இவள் சறுக்குமரத்தின் மேலே உட்கார வைத்தால் மேலேயே இருக்கிறாள், தள்ளிவிட்டால் கீழே வந்து, யாரும் வாங்கிப் போகாத பார்சல் மாதிரி அங்கேயே இருக்கிறாள். மிஸ் அதையும் மொபைலில் எடுத்துக் காட்டினார். ஒரு மாதம் பார்ப்போம், மாறவில்லை என்றால் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டரிடம் போய்விடுங்கள் என்றார். அன்று முதல் நான் புத்தகமும் இணையமுமாகத் தேடித் தேடிப் படித்தேன். குழந்தை அசையாமல் இருந்தால் அதற்கு எத்தனை காரணம் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? படிக்கப் படிக்க எல்லாமே நம் பிள்ளைக்கு இருப்பதுபோலத் தெரிந்தது. ஒன்றுதான் எதிலும் பொருந்தவில்லை. குளியலறையில் மட்டும் அவள் வாளியைச் சுற்றிச் சுற்றி ஆட்டம் போடுகிறாள். தண்ணீர் சில்லென்று இருப்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இருபத்தெட்டு வருடம் அண்ணனூர் கார் ஷெட்டில் மின்ரயில் பழுது பார்த்தவர் அல்லவா, பேத்தியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணியும் இல்ல ஹெலினாமா. பிரேக்கு புடிச்சிகினு கீது. ரிலீஸ் பண்ணா தானா ஓடும்" என்றார். மறுநாளே மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வந்தது. ஜெபிஷா அதில் ஏறி, பாவாடையை ஒழுங்கு பண்ணிக்கொண்டு, பெடலில் கால் வைக்காமல் உட்கார்ந்தாள். மாமா கயிறு கட்டி இழுத்தார். தெரு முழுக்கத் தேர்ப்பவனியில் மாதா வருவதுபோல் அவள் நிதானமாக வந்தாள். எதிர்வீட்டு கெங்கம்மாள் வாசலிலிருந்து, "இன்னா அண்ணாத்தே, பேத்திக்கு வாங்கின வண்டிய நீ இழுத்துகினு போறே. பெல்லாவது அவ அடிக்கிறாளா, அதுவும் நீதானா?" என்றார். பெல்லும் மாமாதான் அடித்தார்.

இதற்கிடையில் பள்ளி வாட்ஸ்அப் குழுவில், பிள்ளைகள் வீட்டில் விளையாடுவதை வீடியோ எடுத்துப் போடுங்கள் என்று உத்தரவு வந்தது. நான் மொபைலைப் பிடிக்க, மாமா "கண்ணு, தாத்தா எகுற்றேன் பாரு, நீயும் எகுறு" என்று கயிறு தாண்டினார். ஜெபிஷா மொபைலைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள். வீடியோ போன ஐந்து நிமிடத்தில் குழுவே கொண்டாடியது. யார் யாரோ கைதட்டினார்கள். மிஸ் மட்டும், "தாத்தாவுக்கு ஒரு ஸ்டார். ஜெபிஷா எங்கே?" என்று எழுதினார். மறுநாள் மாமா நொண்டி விளையாடினார், அதற்கடுத்த நாள் தவளைபோல் தாவினார். பேன்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். கால் வலி போய்விட்டது என்று வேறு சொல்லிக்கொள்கிறார். நம் தெருவில் இந்த மாதம் ஓடியாடாத ஒரே ஆள் ஜெபிஷாதான்.

கடைசி முயற்சியாக வெள்ளானூரில் காலி மனைகள் நிறைய இருக்கும் பக்கம் அவளைக் கூட்டிப்போனோம். திறந்த வெளியைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் ஓடும் என்று மாமாவின் கணக்கு. நான் மொபைலோடு தயாராக நின்றேன். முதலில் அங்கே மேய்ந்த ஆட்டுக்குட்டி ஓடியது. அதைக் காட்டி ஆசை மூட்டுகிறேன் என்று மாமா பின்னால் ஓடினார். மாமா ஓடுவதைப் பார்த்து எங்கிருந்தோ ஒரு நாய் அவர் பின்னால் ஓடியது. நான் கத்திக்கொண்டு நாயின் பின்னால் ஓடினேன், கையில் மொபைல் பதிவாகிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஜெபிஷா ஒரு எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். மாமாவைத் துரத்திக் களைத்த நாய், இவளிடம் துரத்துவதற்கு ஒன்றும் இல்லை என்று புரிந்துகொண்டு, பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிவிட்டது. அன்று வீட்டுக்கு வருகிற வழியில் மாமா, "டாக்டராண்ட போய்டலாம்மா" என்று மட்டும் சொன்னார்.

நேற்று பள்ளியில் விளையாட்டு விழா. தவளை ஓட்டம். பச்சைக் காகிதத் தொப்பி வைத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அப்பா அம்மாக்கள் எல்லோரும் மொபைலைத் தூக்கிப் பிடித்திருந்தோம். விசில் ஊதியதும் தவளைகள் கிளம்பின. ஒன்று எதிர்த்திசையில் போனது, ஒன்று பாதியில் உட்கார்ந்து தொப்பியைத் தின்றது. நம் தவளை கோட்டிலேயே நின்றது. முதுகு நேராக, கை தொடையில் ஒட்டியிருக்க, கழுத்து கொஞ்சம் சாய்ந்து, ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். தினமும் பார்க்கிற சிரிப்பு அது. ஏழரை மணிச் சிரிப்பு.

கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து அவளிடம் போனேன். "ஏன்டா கண்ணு நிக்கிறே, போயேன்" என்றேன். உதட்டைக்கூட அசைக்காமல் சொன்னாள், "ஆடாதம்மா. ஆடினா அப்பா கட்டம் கட்டமா ஆயிடுவாரு."

"எங்கடா அப்பா?"

கண்ணை மட்டும் திருப்பி அந்த மொபைல் வரிசையைக் காட்டினாள். "எல்லாத்துலயும் பாத்துகினு கீறேன். எதுல வருவாருன்னு தெர்ல."

நம் வீட்டில் வீடியோவுக்கு வேண்டிய சிக்னல் கிடைப்பது ஜன்னல் மூலையில் மட்டும்தானே. இரண்டு வருடமாக அங்கே உட்கார வைத்து, "ஆடாதடா செல்லம், அப்பா மூஞ்சி உடையுது" என்று இந்தப் பக்கம் நானும், "அசையாம இருடா குட்டி, அப்பாக்கு உன்ன தெரியல" என்று அந்தப் பக்கம் நீங்களும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம். அவள் தலையைத் திருப்பினால் நீங்கள் கட்டம் கட்டமாகச் சிதறுகிறீர்கள், எழுந்து குதித்தால் திரையில் வட்டம் சுற்ற, காணாமல் போகிறீர்கள். அவள் இதில் என்ன கண்டுபிடித்தாள் என்றால், அப்பாவை முழுசாக வைத்திருப்பது தன் வேலை என்பதுதான். மிஸ் கையில் மொபைல், என் கையில் மொபைல், தாத்தா கயிறு தாண்டும்போதும் மொபைல். நீங்கள் எந்த நேரம் எதில் வந்து எட்டிப் பார்ப்பீர்களோ. மொபைல் வராத இடம் குளியலறை ஒன்றுதான், அங்கே பாவம், வாளியைச் சுற்றி ஆடித் தீர்த்திருக்கிறாள். அவள் காலில் ஒரு குறையும் இல்லைங்க. உங்களைத்தான் அத்தனை ஜாக்கிரதையாகப் பிடித்து வைத்திருந்தாள்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். நீங்கள் நேரில் வருகிறவரை இந்த வீட்டில் வீடியோ கிடையாது. குரல் மட்டும் போதும். அவள் பார்க்காமல் ஓடட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். என்னைக் கேட்டால், எனக்கு இதில் ஒன்றும் குறைந்துவிடாது. நான் பெரியவள். முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு மறக்காது.

மாமா உங்களுக்குத் தம் ஆசீரைச் சொல்லச் சொன்னார், கூடவே தளர்ந்த பேன்ட்டுக்கு ஒரு பெல்ட்டும் கேட்கச் சொன்னார். ஜெபிஷா முத்தம். உங்கள் உடல் நலத்துக்கும் வேலைக்கும் மாதா துணையிருக்க வேண்டுகிற,

உங்கள் ஹெலினா.

பி.கு: திங்கள் சாயந்திரம் எழுதுகிறேன். இன்று நீங்கள் கூப்பிட்டபோது கேமரா கெட்டுப்போச்சு என்று சொன்னது பொய். மொபைலை ஜெபிஷா காதில் வைத்து, "ஓடினாலும் அப்பா இருப்பாரு" என்றேன். அவள் நம்பவில்லை. ஒரு அடி வைத்தாள், "அப்பா?" என்றாள். இன்னொரு அடி, மறுபடி "அப்பா?" இன்னாடா சும்மா சும்மா கூப்பிடுறே என்று கேட்டீர்களே, அப்போதுதான். பிறகு மொபைலைக் காதோடு பிடித்தபடியே கூடம், சமையற்கட்டு, மாடிப்படி, தெரு, கெங்கம்மாள் வீட்டு வாசல். மாமாவால் பிடிக்க முடியவில்லை. குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, சிக்னல் சரியில்லை என்றீர்கள். சிக்னல் இல்லைங்க, அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவள் ஓடுகிற சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் போய் அந்த ஜன்னல் மூலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடலாம் என்று பார்த்தால் அந்த இடத்தில் ஊறுகாய் எண்ணெய் பட்டுவிட்டது, பேனா ஓடவில்லை. அதனால் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். காலையில் ஜெபிஷாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தபின், உங்கள் டீ நேரத்தில், வீடியோவில் எனக்குக் கூப்பிடுங்கள். நான் ஆடாமல் உட்கார்ந்திருப்பேன்.