புனித சுவிதின் ஆலயத்தின் வியாழக்கிழமை அறை

கட்டடக்கலையில் ஆங்கிலேயரை மிஞ்ச உலகில் ஆள் இல்லை. மற்ற இனங்கள் எல்லாம் எங்கே கட்டுகிறோம் என்று பார்த்துக் கட்டின. ஆங்கிலேயர் மட்டுமே எங்கிருந்து வந்தோம் என்று பார்த்துக் கட்டினார்கள்.

இத்தாலியின் பலெர்மோவில், கால்சாப் பகுதியின் இடிந்த மாளிகை ஒன்றுக்கும் இடியாத மாளிகை ஒன்றுக்கும் நடுவே நிற்கும் புனித சுவிதின் ஆலயமே இதற்குச் சாட்சி. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் வைனும் கந்தகமும் எலுமிச்சையும் கப்பலேற்றிக் கொழுத்த ஆங்கில வியாபாரிகள், தங்கள் நாட்டுக் கிராமத்துக் கோயில் ஒன்றை அச்சொட்டாக அங்கே கட்டினார்கள். கூரை செங்குத்து. பனி வழுக்கி விழ வேண்டுமே. இந்த ஊரில் பனி எங்கே பெய்கிறது என்று கேட்ட மேசனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகப் பேச்சு. யன்னல்கள் ஒடுங்கி உச்சியில் கூராகின்றன. வெயில் உள்ளே வந்து மரியாதை கெட்டுப்போகக் கூடாது. உள்ளே நின்று நிமிர்ந்து பார்த்தால், கவிழ்த்துப்போட்ட வள்ளம் மாதிரி மரக்கூரை. வெளியே, அடிக்காத புயலுக்குச் சுவர் சாயாதிருக்க முட்டுச்சுவர்கள். வாசல் மண்டபத்தில் ஈரக் குடைகளுக்கு ஒரு இரும்புத் தாங்கி, அதிலிருந்து தண்ணீர் வடிய ஒரு கான்.

புனித சுவிதின் இங்கிலாந்தில் மழைக்குப் பொறுப்பான புனிதர். அவருடைய திருநாள் ஜூலையில். பலெர்மோவில் ஜூலை மாதம் மழை பெய்தால் பத்திரிகையில் வரும். ஆக, கட்டிய நாள் முதல் இன்றுவரை ஒரு வேலையும் இல்லாமல் சம்பளத்தில் இருக்கும் ஒரே புனிதர் அவர்தான்.

ஆலயத்தின் வடக்குப் பக்கத்தில் குருவானவர் உடுப்பு மாற்றுவதற்கு ஒரு அறை. குருவானவருக்குத் தடிமன் பிடிக்கக் கூடாது என்று அதன் சுவரை மற்றச் சுவர்களைப்போல இரண்டு மடங்கு தடிப்பாகக் கட்டி, மூலையில் நிலக்கரி அடுப்பும் வைத்தார்கள். அந்த அடுப்பை எவரும் பற்றவைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆபிரிக்காவிலிருந்து சிறொக்கோ காற்று அடித்து ஊரே அப்பளமாகப் பொரியும் நாளிலும், அந்த அறை மட்டும் மண்பானையின் உட்புறம்போலக் குளிர்ந்து கிடந்தது. குளிரை வெளியே நிறுத்தக் கட்டிய சுவர், குளிரை உள்ளே பிடித்து வைத்துவிட்டது. தவறு செய்தாலும் தடிப்பாகச் செய்ய வேண்டும் என்பது ஆங்கிலேயர் நமக்குத் தந்த பாடம்.

அந்த அறையின் அருமையை முதலில் கண்டவள் ஜினெட். மொரீசியஸ்காரி, ஆலயத்தைக் கூட்டித் துடைப்பவள், கதவுத் திறப்பு அவளிடம். அவளிடமிருந்து அறிந்துகொண்டவள் றோசமலர்.

றோசமலர் மன்னாரிலிருந்து தலை கறுத்திருந்த காலத்தில் வந்தவள். தொண்ணூறு தாண்டிய ஒரு சிஞ்ஞோராவை, இத்தாலிய வீட்டுக்காரக் கிழவியை, இரவு பகலாக வீட்டோடு நின்று பார்க்கிறாள். இப்படி நிற்கும் பெண்களுக்கு வியாழக்கிழமைப் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் சொந்தம். ஞாயிற்றைப் பூசையும் பிறந்தநாளும் பூப்புனித விழாவும் பங்குபோட்டுவிடும். மிச்சம் வியாழன். அதுவும் நேரம்தான் சொந்தம், இடம் சொந்தமில்லை. கோப்பிக் கடையில் கனநேரம் இருந்தால் முறைப்பார்கள். பூங்காவில் இருந்தால் வெயில். ஆகவே அவளுக்கும் அவளைப்போன்ற பெண்களுக்கும் அந்த அறை.

அங்கே அவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அதன் சிறப்பு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஆங்கிலச் சீமாட்டிகள் ரோசாப்பூப் போட்டுத் தைத்த முழந்தாள் மெத்தைகளைக் காலுக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு சாய்ந்தார்கள். றோசமலரின் தங்கச்சி புனிதமலர் இரண்டு வீடு துப்புரவாக்கிவிட்டு நேரே வந்து குறட்டை விட்டாள். அவளுக்குச் சொந்த வீடு இருந்தது. ஆனால் அந்த வீட்டில் கணவர் ஸ்ரனிஸ்லாசும் இருந்தார்.

ஸ்ரனிஸ்லாஸ் சாதாரண ஆள் அல்லர். பலெர்மோத் தமிழர் கலாசார மேம்பாட்டு ஒன்றியத்தின் தலைவர். மிஞ்சியிருந்த ஆங்கிலக் கிழவிகள், ஆலயத்தைத் தாங்களாகப் பார்த்துக்கொள்ள இயலாது என்று பராமரிப்பை ஒன்றியத்திடம் ஒப்படைத்ததும், அவர் ஒரே இரவில் 'மரபுரிமை அறிஞர்' ஆனார். உடனே ஒரு கூட்டம் கூடியது. கூட்டத்தில் ஒரு குழு பிறந்தது. குழு, பிறந்த கையோடு ஒரு உபகுழுவைப் பெற்றது.

"இப்ப உலகம் முழுக்க அனுபவம்தான் விக்குது," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "சனம் கோயில் பாக்க வாறேல்லை. அனுபவிக்க வருது. அந்த வடக்கு அறையை 'ஆங்கில மௌன அனுபவக் கூடம்' ஆக்கிறம்."

"மௌனத்துக்கு ஒரு கியூ.ஆர். கோட் வைப்பம், அண்ணை," என்றான் செயலாளர் டினேஷ். "போனிலை அடிச்சால் மௌனம் கேக்கும்."

இந்த யோசனை கரகோஷத்தோடு நிறைவேறியது. பின்வரிசை வாங்கில் இருந்த றோசமலர் எழுந்தாள்.

"தம்பி, வியாழக்கிழமையிலை நாங்கள் எங்கை போறது?"

"அக்கா, மௌனக் கூடத்துக்கை நீங்கள் இருந்தால் மௌனம் என்னெண்டு வரும்?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"நாங்கள் கதைக்கிறேல்லை. நித்திரை கொள்ளுறம்."

"உங்கடை தங்கச்சி புனிதத்தின்ரை நித்திரையை நான் வருசக்கணக்காய்க் கேட்டுக்கொண்டிருக்கிறன்," என்றார் தலைவர். அதோடு விவாதம் முடிவுற்றது.

கூடத்தை அங்கீகரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வரவேண்டியிருந்தது. லொ வெர்சோ என்று பெயர். தூண் கண்டால் தடவுவார், சுவர் கண்டால் முகர்வார். அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை. அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே பாதங்கள் வரிசையாகத் தெரிந்தன. தலைவர் வெளிறிப்போனார்.

"இவர்கள் யார்?" என்றார் பேராசிரியை இத்தாலியனில்.

றோசமலர் எழும்பவில்லை. சிஞ்ஞோராவுக்குப் பல வருடம் கதை சொல்லிச் சொல்லிச் சாப்பாடு ஊட்டிய வாய் அது. அவள் இத்தாலியனிலேயே சொன்னது இதுதான். இந்த அறை குருவானவருக்குக் கட்டியதல்ல. அந்தக் காலத்து ஆங்கிலத் துரைமார் வீட்டு வேலைக்காரப் பெண்கள் வியாழன் பின்னேரம் போக்கிடம் இல்லாமல் அலைந்தபோது, புனித சுவிதின், துரை ஒருவரின் கனவில் சொட்டச்சொட்ட நனைந்தபடி தோன்றி, அவர்களுக்கு ஒரு அறை கட்டு என்றார். அன்று தொடங்கி எந்தக் கிழமை தவறினாலும் இந்த அறையில் வியாழன் தவறியதில்லை.

"ஆதாரம்?" என்றார் பேராசிரியை, குறிப்பேட்டைத் திறந்தபடி.

"நான்தான்," என்றாள் றோசமலர். "வியாழக்கிழமை வந்தால் என் கால் தானாக இங்கே வரும். உங்களை யாராவது கூட்டிவர வேண்டியிருந்ததா இல்லையா?"

பேராசிரியையின் கண் கலங்கியது. "வாய்மொழி வரலாறு" என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். மௌனக் கூடம் அந்த இடத்திலேயே இரத்தானது. அறையும் அதிலுள்ள பெண்களும் 'உயிருள்ள மரபு' என்று அறிவிக்கப்பட்டார்கள்.

"அக்கா, வெண்டிட்டம்," என்றாள் புனிதமலர்.

"பொறு," என்றாள் ஜினெட் இத்தாலியனில். அவள் அருங்காட்சியகம் ஒன்றையும் கூட்டித் துடைத்தவள். மரபாகிப்போனவற்றின் கதி அவளுக்குத் தெரியும்.

அடுத்த கிழமையே ஒன்றியம் உயிருள்ள மரபைச் சீர்ப்படுத்தத் தொடங்கியது. ஓய்வு இனிமேல் சரியாக நான்கு மணிக்கு ஆரம்பமாகும், தாமதிப்பவர்கள் காரணம் கூற வேண்டும். அந்தக் காலத்தில் கைத்தொலைபேசி இல்லாதபடியால் அதைப் பார்க்கக் கூடாது. வெள்ளை ஏப்ரன் கட்டாயம். குறட்டை அளவோடு அனுமதிக்கப்படும். வரும் பார்வையாளருக்கு மரபுப்படி தேத்தண்ணி கொடுத்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, மறுபடி உடனே ஓய்வெடுக்க வேண்டும்.

பெண்கள் ஓய்வெடுத்துக் களைத்துப்போனார்கள். மிலானோவிலிருந்து வந்த ஒருவர் றோசமலரின் குதிக்காலைப் படம் எடுத்து, வெடிப்பு எவ்வளவு 'உண்மை' என்று வியந்தார். ஒருநாள் அவளுடைய சிஞ்ஞோராவின் மகளே சிநேகிதிகளோடு ரிக்கெற் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"றோசா, நீ இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகு."

"இருக்க விட்டால்தானே," என்றாள் றோசமலர் தமிழில், சிரித்தபடி.

"எனக்கு இன்னொரு கோப்பை தருகிறாயா? சீனி வேண்டாம். ஆ, அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை மேசையின் எந்த லாச்சியில்?"

அன்று கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு றோசமலர் தலைவரிடம் போனாள்.

"தம்பி, எங்களுக்கு வியாழக்கிழமையிலை லீவு வேணும்."

ஸ்ரனிஸ்லாஸ் திகைத்தார். "உங்கடை லீவே வியாழக்கிழமைதானே அக்கா."

"அந்த லீவிலையிருந்துதான் லீவு கேக்கிறன்."

"ஓய்விலையிருந்து ஓய்வு கேட்டால் வெள்ளைக்காரன் எங்களைச் சோம்பேறியள் எண்டு நினைப்பான். வாற வியாழன் பேராசிரியை கடைசி மதிப்பீட்டுக்கு வாறா. அறைக்கை ஆள் படுத்திருக்காட்டி அங்கீகாரம் போச்சுது. பிறகு டினேஷின்ரை மௌனம்தான். அறைக்குப் பூட்டு."

"வாறம்," என்றாள் றோசமலர். "ஆனால் பாக்கத்தான் வாறம்."

"அப்ப ஆர் படுக்கிறது?"

"தலைவர் எண்டு ஒராள் இருக்கிறார்தானே."

வேறு வழி இல்லை. அந்த வியாழக்கிழமை நிர்வாகக் குழு முழுவதும் சமூகத்துக்காகத் தியாகம் செய்ய முன்வந்தது. நாலு மணிக்கு ஸ்ரனிஸ்லாசும் டினேஷும் மற்ற உறுப்பினர்களும் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வடக்கு அறைக்குள் நுழைந்தார்கள். முதல் சில நிமிடங்கள் மட்டுமே கொஞ்சம் கூச்சம். பிறகு டினேஷின் வாய் திறந்தது. பொருளாளர் சுவர்ப்பக்கம் திரும்பினார். தலைவர் சப்பாத்தோடு காலைத் தூக்கி நிலக்கரி அடுப்பின்மேல் வைத்தார். பயிற்சி எதுவும் கொடுக்காமலே இவ்வளவு ஒழுங்கு எப்படி வந்தது என்று ஆராய்ச்சி செய்யலாம்.

பெண்கள் ஆலயத்தின் பெரிய நடுக்கூடத்தில் இருந்தார்கள். சூடெல்லாம் மேலே அந்த மரவள்ளத்துக்குள் ஏறிப் போய்விட, கீழே கூர்யன்னல்களின் ஊடாகத் துறைமுகக் காற்று வந்தது. நீள நீளமான வாங்குகள், ஆளுக்கு ஒன்று. றோசமலர் கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு நீட்டி நிமிர்ந்து படுத்தாள். பனிக்குப் பயந்து கட்டிய கூரை அவளுக்காகத்தான் இவ்வளவு உயரமாகப் போனதோ என்று பட்டது.

பேராசிரியை லொ வெர்சோ வந்து நேரே அறைக்குள் போனார். கனநேரம் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து ஸ்ரனிஸ்லாசின் குரல் மட்டும், கண்ணைத் திறக்காமலே பேசுகிற குரல், கேட்டது.

"புனிதம், ஒரு தேத்தண்ணி."

"பழக்கம்," என்றாள் புனிதமலர் வாங்கிலிருந்து அசையாமல். "கொஞ்சத்தாலை தானாய் அடங்கியிடும்."

பேராசிரியை வெளியே வந்தபோது அவருடைய முகம் திருக்காட்சி கண்ட முகமாக இருந்தது. நடுக்கூடத்தின் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"இந்த ஆலயத்தின் ஓடு போருக்குப் பிறகு மாற்றியது. கண்ணாடி புதிது. மணி வேறெங்கோ இருந்து வந்தது. ஞானஸ்நானத் தொட்டியிலும் பாதி சீமெந்து. ஆனால் அந்த அறைக்குள்ளே கிடப்பதை என் வாழ்நாளில் நான் இவ்வளவு முழுமையாகக் கண்டதில்லை. ஒரு இடத்திலும் தேய்வு இல்லை. ஒரு கீறல் இல்லை. கட்டடத்தைவிடப் பழையது, ஆனால் இதுவரை ஒரு திருத்தவேலையும் தேவைப்பட்டிருக்கவில்லை. அங்கீகாரம் தருகிறேன், ஒவ்வொரு வியாழனும் அந்த ஆண்கள் அங்கே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு."

அறைக்குள் தலைவர் ஒருக்களித்துப் படுத்தபடியே, சமூகத்தின் சார்பில் நெஞ்சில் கை வைத்து நன்றி தெரிவித்தார்.

"ஒரே ஒரு கேள்வி," என்றார் பேராசிரியை. "இவ்வளவு காலமாக இதைப் பழுதுபடாமல் பராமரித்து வந்தது யார்?"

வாங்குகளில் கிடந்த பெண்கள் அத்தனை பேரும், கண்ணைத் திறக்காமல், கையை உயர்த்தினார்கள்.