மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு போஸ்டர்

கல்யாண அல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்து முடித்துவிட்டு, மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாமல் எழுந்து போகக்கூடிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் பிரேக் காக்காதான். அவர் பார்ப்பது மாப்பிள்ளைக்குப் பின்னால் உள்ள சுவரை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைமார் ஊர்வலமாகத் தெருவழியேதான் பெண் வீட்டுக்குப் போனார்கள். தெருச் சுவரெல்லாம் சினிமா போஸ்டர். ஆகவே எந்த மாப்பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு கதாநாயகி எட்டிப் பார்க்க வாய்ப்பிருந்தது. அவள் இருந்தால் காக்காவுக்கு அது சீரும் சிறப்புமான கல்யாணம். வெறும் சுவர் என்றால், என்னடா கல்யாணம் செய்தீர்கள் என்பதுபோல உதட்டைப் பிதுக்குவார்.

ஒருமுறை மருதமுனையில் ஒரு வீட்டில் நானும் கூட இருந்தேன். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் பெரிய பூதக்கண்ணாடியை ஒரு படத்தின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, எதிரே சாய்மனைக் கதிரையில் கிடந்த வயதான வீட்டுக்காரரை ஏறிட்டுப் பார்த்தார்.

"மாப்பிள்ள நீங்கதானே?"

"ஓம் காக்கா," என்றார் அவர் வெட்கத்தோடு.

"அண்டைக்கி ரெண்டு அடி அங்கால நிண்டிரிந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சி போகும்? ஒங்கட தல ஹீரோயின்ட கண்ண மறைக்கிது!"

அந்த மனிதர் உண்மையாகவே மன்னிப்புக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அதை நான் சொல்லியிருந்தால் அடித்துத் துரத்தியிருப்பார்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கல்முனைக்குடியில் பாதிப்பேருக்கு அவர்தான் கார் ஓட்டப் பழக்கியவர். பழக்குகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் பூட்டிய பழைய வெள்ளைக் கார். பழகுகிறவர் வியர்த்து விறுவிறுத்து, அப்போதுதான் மூன்றாம் கியருக்கு வந்திருப்பார். மூடிக் கிடக்கும் ஏதாவது கடையின் பலகைக் கதவில் ஒரு பழைய போஸ்டரின் கிழிசல் காக்காவின் கண்ணில் படும். "பிரேக்!" என்று கத்திக்கொண்டே தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிடுவார். நடுத் தெருவில் கார் நிற்கும். பின்னால் வந்த பஸ் ஊரையே எழுப்பும். காக்கா சாவகாசமாக இறங்கிப் போய்க் கதவைத் தடவிப் பார்த்து, "மேல ஒட்டின எல்லாம் தேர்தல் நோட்டீஸ். அடியில ஒரு மூக்குத் தெரியிது பாருங்க. இந்த மூக்கு யார்ட மூக்கு எண்டு எனக்குத் தெரியும்" என்பார்.

நானும் அவரிடம்தான் பழகினேன். கார் ஓட்டும் பரீட்சையில் ஒரு சைக்கிள் கடைக்குள் பாதியளவு நுழைந்து தோற்றேன். என் மனைவி பரீனாவும் அவரிடம்தான் பழகினாள். முதல் தடவையே பாஸ். "புள்ள ஓட்டினா கார் தண்ணியில தோணி போற மாதிரிப் போகும்" என்று காக்கா போகிற இடமெல்லாம் சொன்னார். நான் ஓட்டினால் எப்படிப் போகும் என்பதையும் சொன்னார்.

இதற்கெல்லாம் நான் பொறாமைப்பட்டதாக வாசகர்கள் நினைக்கக்கூடாது. நான் பொறாமைப்பட்டது அல்பங்களுக்காக. எங்கள் கரையில் முன்பு இருந்த தியேட்டர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத நான் பல காலமாக முயன்றுகொண்டிருந்தேன். தியேட்டர் வாசல், கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் குத்தி வைத்த ஸ்டில் படங்கள், 'இன்று' 'விரைவில்' என்று எழுதிய பலகைகள், தென்னை மர உயரத்துக்கு நிற்கும் கட்டவுட்டுகள், இவையெல்லாம் தெரிகிற பழைய போட்டோக்கள் எனக்குத் தேவைப்பட்டன. ஆனால் கடல் வந்து போனபிறகு எங்கள் பக்கத்தில் பழைய போட்டோ என்பது லேசில் கிடைக்கிற சாமான் இல்லை. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அலை வீட்டோடு அலுமாரியையும் அலுமாரியோடு அல்பத்தையும் கொண்டுபோய்விட்டது.

நான் கதவைத் தட்டினால், "எல்லாம் சுனாமியோட போயிட்டு தம்பி" என்பார்கள். அடுத்த கிழமை அதே வீட்டில் பிரேக் காக்கா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் ஒன்றுக்கு மூன்று அல்பம். பக்கத்தில் இனிப்புக்குத் தொதலும் பாணிப் பணியாரமும்.

"எனக்கு இல்லையெண்டு சென்னீங்களே?" என்று ஒரு வீட்டில் கேட்டே விட்டேன்.

"நீங்க பேப்பர்ல எழுதிப் போடுவீங்க மகன். காக்கா எண்டா எங்கட மூஞ்சையே பாக்க மாட்டாரே" என்றாள் அந்த வீட்டு உம்மா.

ஒரு முறை மட்டும் எனக்கு நல்ல காலம் பிறந்தது. ஹஜ் செய்துவிட்டு வந்த ஒரு பெண்மணி, வயது அறுபது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்தவர், தன் சின்ன வயதுப் படத்தைக் காக்காவிடம் நீட்டினார். தியேட்டர் வாசலில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கவுணோடு நிற்கும் சிறுமி. காக்கா கண்ணாடியைப் போஸ்டரில் வைத்தார். பிறகு மருமக்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

"தங்கச்சி, இந்தப் படம் இஞ்ச ஓடக்குள்ள எனக்கு மீச மொளச்சிட்டு. நீங்க இதுல பல்லு விழுந்து நிக்கிறீங்க. எனக்கு இப்ப எழுவத்தஞ்சி. அப்ப ஒங்களுக்கு அறுபது எப்படி வரும்?"

தட்டிலிருந்த தொதலைக் காக்கா வாயில் போட்டிருந்தார். மிச்சத் தட்டு உள்ளே போய்விட்டது. அவரும் வாசலுக்கு வந்துவிட்டார். செய்தி என் காதுக்கு எட்டியபோது நான் இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்துக் கொண்டாடினேன். ஆனால் அந்தச் சந்தோசம் ஒரு கிழமைகூட நீடிக்கவில்லை. அதே பெண்மணி ஆட்டோ அனுப்பிக் காக்காவைக் கூப்பிட்டார். இந்த முறை அவர் கையில் இருந்தது மதினியின் சின்ன வயதுப் படம். மதினிதான் மூத்தவள் என்று காக்காவின் வாயால் நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டுமாம். சொன்னார். அன்றைக்குத் தொதலோடு வட்டிலப்பமும்.

இப்படி வயிறெரிந்துகொண்டிருந்த காலத்தில்தான் அந்தப் படம் எனக்குக் கிடைத்தது. ஒலுவிலில் கடல் அரித்து அரித்துக் கொல்லைக்குள் வந்துவிட்டதால் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்த ஒரு கூட்டாளி, "இது ஒனக்கு ஒதவும்" என்று தூக்கித் தந்தான். பெருநாள் அன்று எடுத்த படம். தியேட்டரின் முன்மண்டபம் முழுக்கத் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டி, ஸ்டில் படங்கள், விரைவில் பலகை, மேலே தோரணம், பக்கத்தில் ஒரு கதாநாயகியின் கட்டவுட். அவள் புருவம் மட்டும் ஒரு ஆள் நீளம். வாசலில் புதுச்சாரனும் புதுச்சட்டையுமாகச் சனக்கூட்டம். ஒவ்வொரு முகமும் பயறு அளவு.

நான் அதைக் கையுறை போட்டுத்தான் தொட்டேன். எந்த ஸ்டில் எந்தப் படத்தினுடையது என்று பல நாள் ஆராய்ந்தேன். பிறகு, புத்தகம் எழுதுகிறவனுக்கு இருக்கவே கூடாத ஒரு ஆசை வந்தது. காக்காவுக்கு இதைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டுக் கொடுக்கக் கூடாது.

ஒரு பின்னேரம் வீட்டுக்கு அழைத்தேன். வந்தார். வந்தவுடன் பரீனாவைப் பார்த்து, "கார் எப்படி ஓடுது புள்ள? தம்பிட கையில குடுக்கிறல்லதானே?" என்று விசாரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படத்தை மேசையில் வைத்தேன்.

காக்கா கண்ணாடியை எடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி கட்டவுட்டில் கொஞ்ச நேரம் நின்றது. கண்ணாடிப் பெட்டிக்கு வந்தது. விரைவில் பலகைக்கு வந்தது. அங்கே நின்றவர் நின்றவர்தான். அவருக்குப் பேச்சு நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருநாள்.

"என்ன காக்கா, ஒண்டும் கதைக்கிறீங்க இல்ல? இப்படி ஒண்டு நீங்க காணல்லதானே?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "புள்ள, இஞ்ச வாங்க" என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்.

பரீனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காக்கா கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார்.

"பலகைக்குப் பக்கத்துல, கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கி ஒரு ஆள் நிக்கிது. ஆரெண்டு பாருங்க."

பரீனாவின் வாப்பாவை நான் கண்டதில்லை. நான் கல்யாணம் முடித்தது கடல் வந்ததற்குப் பிறகு. அந்த அலையில் அவள் வாப்பாவும் போனார், வீடும் போனது. அவருடைய ஒரு படம்கூட மிஞ்சவில்லை. வாப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போகிறது என்று அவள் ஒருமுறை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தாள்.

"காது," என்றாள். "எங்கட தம்பிட காது."

"ஓம். அஸீஸ்தான். அவன் நிக்கிற நில எனக்குத் தெரியாதா? அவனுக்கும் நான்தானே லைசன்ஸ் எடுத்துக் குடுத்த."

"எங்கட வாப்பாவா? தியேட்டர்லயா?" பரீனா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தாள். "காக்கா, வாப்பா படமே பாக்காத ஆள். எங்களுக்கு டீவியக் கூட வாங்கித் தரல்ல. ஹறாம் எண்டு ஏசுவாரு."

"பாக்காத ஆளா? கேட் தொறக்க முந்தி வந்து நிக்கிற ஆள் புள்ள அவன்! சோகப் படமெண்டா என்ட தோள்ள சாஞ்சி அழுவான். சட்டையெல்லாம் நனஞ்சிரும். இந்தப் பெருநாளைக்கும் நான் உள்ளுக்க டிக்கட் எடுக்கப் போய்ட்டன். வந்து பாத்தா ஹீரோயின்ட படத்துக்கு முன்னால நிண்டு ஆட்டுக்குட்டி மாதிரி முழிக்கிறான்."

பரீனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். வாப்பா சத்தமாகச் சிரிப்பாரா? பாட்டுப் படிப்பாரா? வெற்றிலை போடுவாரா? காக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அஸீஸ் மாமா கார் ஓட்டப் பழகும்போது பிரேக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மிதித்த கதையை நடித்தே காட்டினார். நான்தான் போய்த் தேத்தண்ணீர் ஊற்றினேன். சீனி போட மறந்துவிட்டேன். இருவரும் கவனிக்காமலே குடித்து முடித்தார்கள்.

கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் நான் அவளுக்கு வளையல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கடன் பட்டு மேல்மாடி கட்டிக் கொடுத்திருக்கிறேன். அன்று அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை ஒருநாளும் நான் கண்டதில்லை. பல நாள் என் மேசையில் கிடந்த படம் அது. ஸ்டில் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்த நான், மாமனாரைப் பார்க்கவில்லை. மனிதரின் முகத்தையே பார்க்காதவர் என்று பெயரெடுத்த ஆள் அவரைக் கண்டுபிடித்து, என் வீட்டில், என் படத்தை வைத்து, என் மனைவியைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிறார்.

படத்தைப் பெரிதாக்கி எங்கள் வீட்டு மண்டபத்தில் மாட்டினோம். அதிலும் ஒரு பிரச்சினை. பரீனாவின் தம்பி வந்து பார்த்தான். காதைத் தடவிக்கொண்டான். கொஞ்சம் கண் கலங்கினான். பிறகு, "மச்சான், வாப்பாவ மட்டும் வெட்டி எடுத்துப் போடுவம். ஒரு நடிகைட படம் ஊட்டுக்குள்ள தொங்கினா ஆக்கள் என்ன செல்லும்?" என்றான். நியாயமாகத்தான் பட்டது. கத்தரிக்கோலைத் தேடினேன். அதற்குள் எப்படியோ காதில் விழுந்து காக்கா ஓடி வந்துவிட்டார்.

"பொம்புள இல்லாட்டி அவன் எதப் பாத்துக்கி நிக்கிறான் எண்டு கேக்க மாட்டாங்களா? சுவரப் பாத்து நிண்ட விசரனெண்டு ஒங்கட வாப்பாவுக்குப் பேர் வாங்கிக் குடுக்கப் போறீங்களா?"

நடிகை இப்போதும் எங்கள் மண்டபத்தில்தான் இருக்கிறாள். என் புத்தகமும் ஒருவழியாக வந்தது. அட்டையில் அதே படம். கடைத்தெருவில் முதலாவதாகக் கையில் எடுத்துப் பார்த்தவர், "மாஷா அல்லாஹ், காக்காட புத்தகம் வந்திட்டா?" என்று என்னிடமே கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் காக்கா நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பரீனா வெள்ளிக்கிழமைகளில் பெரிய மீனாகப் பார்த்து வாங்குவாள். எங்கள் பக்கத்துக் குழம்பான ஆணத்தில் மீன் தலை எப்போதும் காக்காவுக்கு. எனக்கு வால் துண்டு. தலை தின்ன ஆசைப்பட்டு ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன். "விருந்தாளிக்கு வெச்சது" என்றாள். கிழமைக்குக் கிழமை வருகிறவர் எப்படி விருந்தாளியாவார் என்று நான் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை காக்கா பள்ளிவாசலுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பரீனா மீன் தலையை என் தட்டில் வைத்தாள். இத்தனை காலமாக நான் கண்வைத்திருந்த தலை. கையை வைத்தேன். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு, அதைப் பக்குவமாக ஒரு சட்டிக்குள் இறக்கி மூடி, ஆணம் சிந்தாமல் காக்கா வீட்டுக்கு மெதுவாக ஓட்டும்படி அவளிடம் சொல்லி, அவள் பக்கத்தில் காரில் ஏறிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.