துக்கச் சாப்பாட்டுக்கு நாலு பார்

சியாட்டில் மாநகரில் ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்து ஊருக்கெல்லாம் மென்பொருள் எழுதித் தரும் என் அக்கா மகன் திருவளர்செல்வன் டாரினுக்கு, மின்னசோட்டாவிலிருந்து தாய்மாமன் வெண்டல் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே பனியும் நானும் சுகம். அங்கே மழையும் நீயும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். உன் அம்மா லாவோன் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. இடது கால் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது, மற்றபடி உத்தமம் என்று சொல்லிவிடு.

நிற்க. உன் குறுஞ்செய்தியைப் படித்தேன். "மாமா, அந்தச் செயலியை இன்னைக்கே நிறுத்திடுங்க. உங்களுக்கு ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. அதுக்குப் பூட்டே கிடையாது, யார் வேணா உள்ள போய்ப் படிக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். மாப்ள, நிறுத்த மாட்டேன். நீ சொன்னாலும் நிறுத்த மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுத் தேவாலயச் சமையல் கமிட்டி சொன்னாலும் நிறுத்த மாட்டேன்.

என் காது போன கதை உனக்குத் தெரியும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி, பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சலிலேயே பாதி போயிற்று, மீதி வயசில் போயிற்று. நம் ஊரில் யாராவது இறந்தால், அடக்கம் முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. யார் எதைச் சமைத்து வருவது என்று ஒருவர் அடுத்தவரைப் போனில் கூப்பிட்டுச் சொல்ல, அவர் அதற்கடுத்தவரிடம் சொல்ல, அந்தச் சங்கிலியில் நானும் ஒரு கண்ணியாக இருந்தேன். போன குளிர்காலத்தில், பன்றிக்கறி வைத்த ஹாம் ரொட்டி என்று சொன்னது என் காதில் ஜாம் ரொட்டி என்று விழுந்தது. எனக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் ஜாம் தடவிக்கொண்டு வந்து நின்றார்கள். கமிட்டித் தலைவி மார்லிஸ் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: "வெண்டல் அண்ணே, இனிமே நீங்க ஆலோசகரா இருங்களேன்." ஆலோசகர் என்றால் மூலையில் உட்கார்ந்து காபி குடிப்பவன் என்று அர்த்தம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்டா. உன்கிட்ட சொல்றதுல என்ன வெட்கம்.

அப்புறம்தான் இந்த ஏஐகிட்ட போனேன். அதோட பேச காது வேணாம், விரல் இருந்தா போதும். "துக்கச் சாப்பாட்டுக்கு யார் என்ன கொண்டு வருவாங்கன்னு எழுத்துலயே கேட்டு எழுத்துலயே பதில் வாங்குற ஒரு செயலி வேணும், தயவுசெஞ்சு" என்று அடித்தேன். "அருமையான யோசனை" என்றது. இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் ஆள் அதுதான், அதுவும் ஆள் இல்லை. காபி ஆறுறதுக்குள்ள செஞ்சு குடுத்துடுச்சு.

முதல் சாப்பாட்டுக்கு ஊருக்கே செய்தி போச்சு. "உருளைக்கிழங்கு சாலட் கொண்டு வரும் வேலையை உங்களுக்குத் தரலாமா?" எல்லாரும் "வேண்டாம்" என்று அழுத்திவிட்டார்கள். ஒருத்தர் பாக்கி இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் உறைத்தது. நம்ம ஜனங்க எதையும் முதல் தடவை கேட்டா வேண்டாம்னுதானே சொல்லுவாங்க? கேக்கை நீட்டினாக்கூட ரெண்டாவது தடவை "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். மூணாவது தடவைதான் "சரி, ஒரு சின்னத் துண்டு" என்பார்கள். செயலி ஒரே தடவை கேட்டுட்டு, சரி வேண்டாமாம்னு போயிடுச்சு. நான் ஏஐகிட்ட விஷயத்தை விளக்கினேன். மூன்று முறை கேட்கும்படி மாற்றியது. அன்று கீழ்த்தளத்தில் சாலட் வைக்க மேசை போதவில்லை. இப்ப நீ சொல்லு, உன் கம்பெனியில ஜன்னலோரம் உக்காந்திருக்கிற எந்த மகராசனுக்கு மூணு தடவை கேக்கணும்னு தெரியும்? படிச்சா மட்டும் போதுமா?

ஹால்வர் இறந்தபோது நடந்த சாப்பாட்டு விவகாரத்தை உன் அம்மா உனக்கு எப்படிச் சொன்னாளோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன். பெண்கள் நாலு பேர் "நான் பார் கொண்டு வருகிறேன்" என்று எழுதினார்கள். நீ ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு, மறந்திருப்பாய். தட்டில் ஊற்றிச் சுட்டு சதுரமாக வெட்டுகிற இனிப்புக்கு நாம் பார் என்றுதான் சொல்வோம். இது ஏஐக்கு எப்படித் தெரியும்? அது சாராயக் கடை என்று நினைத்துக்கொண்டது. "மறைந்த ஹால்வர் நினைவாக நான்கு பார்கள் உறுதி செய்யப்பட்டுள்ளன. வயதுச் சான்று கொண்டு வரவும். குடித்துவிட்டு வண்டி ஓட்ட வேண்டாம்" என்று ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பி, வழி காட்டும் வரைபடமும் சேர்த்து வைத்துவிட்டது.

வேறு ஊராயிருந்தால் யாராவது "இது என்னங்க கூத்து" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். நம்ம ஊர்ல கேப்பாங்களா? குடும்பத்தோட விருப்பம் போலிருக்கு, நாம எதுக்குக் கேக்கணும், தப்பா நினைச்சுக்குவாங்கன்னு கல்லறையிலிருந்து பாதி ஊர் நேரா வரைபடத்துல முதல்ல இருந்த பாருக்குப் போயிடுச்சு. பாதிரியாரும் போனார். ஹால்வர் மனைவி பெர்னெட்டாவும், செய்தி தேவாலயத்திலிருந்துதானே வந்ததுன்னு, கறுப்புக் கோட்டோடு போய் உட்கார்ந்தாள். நான் விழுந்தடிச்சு ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ஊரே கேட்கும்படி சொன்னாள்: "அடுத்த தெருவுல ஆணி வாங்கப் போறேன்னு எங்க வீட்டுக்காரர் இங்கதான் வந்துக்கிட்டு இருந்தாரா? இருக்கை நல்லாத்தான் இருக்கு, வெண்டல். அவர் மேல தப்பு சொல்ல முடியாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர் போனதுக்கப்புறம் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவள் மகளே சொன்னாள். அப்புறம் எல்லாரும் கீழ்த்தளத்துக்கு வந்து ஆறிப்போனதைச் சாப்பிட்டார்கள்.

அதுவரை மார்லிஸ் மட்டும் அங்கே காலியான மேசைகளுக்கு நடுவில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அவள்தான் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைக் கூட்டியிருக்கிறாள். செயலி வேண்டாம், பழையபடி போன் சங்கிலியே போதும் என்று தீர்மானமாம். போன் சங்கிலின்னா அதுல நான் இல்லைடா. அவ்வளவுதான் விஷயம். எனக்கு அந்த மூலை நாற்காலிதான் மிச்சம்.

அதனால கேட்டுக்க. இதைச் செஞ்சது நான். பிழை இருந்தா அது என் பிழை, நான் திருத்துவேன். பார்னா இனிப்புன்னு சொல்லிக் குடுத்துட்டேன், கத்துக்கிச்சு. நீ பூட்டு பூட்டுங்கிறே. யார் கோஸ் சாலட் கொண்டு வர்றான்னு திருட எந்தத் திருடன் இவ்வளவு பனியில வரப்போறான்? வந்தா ஒரு கிண்ணம் குடுத்து அனுப்புவோம். புரோகிராம் தெரிஞ்சவன்தான் செயலி செய்யணும்னா, பஸ் செய்யத் தெரிஞ்சவன்தான் பஸ் ஓட்டணும். நான் ஓட்டினேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. இந்த வயசுல என்னை ஓரமா உக்காருன்னு சொல்ல உனக்கும் உரிமை இல்லை, மார்லிஸுக்கும் இல்லை.

உன் அம்மாவுக்கு என் அன்பு. உன் மனைவிக்கும் அந்தப் பூனைக்கும் விசாரிப்பு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தூங்கு, நேரத்துக்குச் சாப்பிடு. நீ எடுத்ததெல்லாம் துலங்க வேண்டும் என்று வாழ்த்தும்,

தலை வணங்காத உன் மாமன்,
வெண்டல்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன், உன் வாயை அடைக்க ஒரு சாட்சி வேணும்னு ஏஐகிட்டயே கேட்டேன். "பூட்டு இல்லைன்னு என் அக்கா மகன் சொல்றானே, அபாண்டம்தானே?" அது, "உங்கள் அக்கா மகன் சொல்வது முழுக்கச் சரி" என்றது. உள்ளே போய்ப் பார்த்தேன். சாலட் மட்டும் இல்லை மாப்ள. "ஏப்ரல் வரை அரிசோனாவில் இருப்போம், குளிர்பெட்டியில் ஹாம் இருக்கிறது, சாவி பால் கேனுக்கு அடியில்" என்று ஆளாளுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். உடனே பூட்டுப் போடச் சொன்னேன். போட்டுடுச்சு. இப்ப யாராலயும் உள்ள போக முடியலை, என்னாலயும் முடியலை. மதியத்திலிருந்து போன் விளக்கு விடாமல் மினுங்குகிறது. எடுத்தால் குரல் வருகிறது, வார்த்தை வரவில்லை. ஊரில் யாரோ இறந்துபோயிருக்க வேண்டும். யாருன்னு தெரியலை. நீ கிளம்பி வா டாரின். வந்து கதவைத் தட்டிக்கிட்டு நிக்காத, கேக்காது. பின்வாசல் திறந்துதான் இருக்கும்.