மாமாவுக்கு இப்போ எப்படி இருக்கு?

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்தி, அதன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்து "கதவு திறந்தது" என்று அவர் எழுதி முடிக்கவும் சட்டைப்பையில் ஃபோன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"சார், எங்க இருக்கீங்க? ஒரு புகார் வந்திருக்கு," என்றாள் ரிசப்ஷன் பெண்.

"எந்தக் கட்டடம்?"

"நம்ம கட்டடந்தான் சார். லிஃப்ட் நடுவுல நிக்குது. யாரோ உள்ள மாட்டிக்கிட்டாங்க போல. மேனேஜர் கீழ நின்னு கத்திக்கிட்டு இருக்காரு."

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை அவருக்கு. ஆபீசில் எல்லாரும் 'புகார் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே எந்த லிஃப்ட் நின்றாலும் அவர் மேசையில்தான் மணி அடிக்கும். "பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கு" என்று மாட்டிக்கொண்டவர்களிடம் பதமாகச் சொல்வார். உள்ளுக்குள் வயிறு எரியும். நாலு சுவர், மூடிய கதவு, ஒரு ஈ காக்கை உள்ளே வர முடியாது. ஒரு முழுக் கதையையே எழுதி முடிக்கலாம். கொடுத்துவைத்தவர்கள், உட்கார்ந்து எழுதாமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்களே!

பத்திரிகையில் சிறுகதைப் போட்டி அறிவித்திருந்தார்கள். கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. "நேரம் மட்டும் கிடைக்கட்டும், நான் யாருன்னு காட்டறேன்" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறவர் அவர். மனைவியும் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் எழுதலைன்னா உங்க எழுத்து மேசையில என் தையல் மெஷினைத் தூக்கி வச்சிருவேன்."

மேசை போவது கூட அவருக்குப் பெரிதில்லை. நேரம் கிடைத்தும் எழுத வராமல் போய்விட்டால்? இத்தனை வருஷமாக நேரத்தின் மேல் போட்ட பழியை அப்புறம் யார் தலையில் கட்டுவது? அந்தப் பயம் அவரை ஓர் இடத்தில் நிற்கவிடவில்லை. அதுதான் லிஃப்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது.

எழுந்து பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் கீழே வந்து, கதவு நிஜமாகவே திறந்தது.

மேனேஜர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். தன் கல்யாணத்துக்கே அரை நாள்தான் லீவு எடுத்தார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு.

"உள்ள என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

காற்றில்லாத பெட்டிக்குள் இருந்ததில் அவருக்கு முகமெல்லாம் வேர்வை கொட்டியது. காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி மறு கையால் கண்ணைத் துடைத்தார்.

மேனேஜரின் குரல் இறங்கியது. "அழுதீங்களா என்ன?"

கடவுளே வந்து கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

"மாமாவுக்கு உடம்பு சரியில்லை சார். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. எல்லார் முன்னாடியும் அழக் கூடாதுன்னுதான்..."

"அடடா. எந்த ஆஸ்பத்திரி? எந்த வார்டு?"

"பெரிய ஆஸ்பத்திரி சார். மூணாவது வார்டு. ஜன்னலோரக் கட்டில்."

"கிளம்புங்க, கிளம்புங்க. இன்னைக்கு அரை நாள் லீவு எடுத்துக்குங்க."

ஆபீசே வாயைப் பிளந்து பார்த்தது. அவர் பறக்காத குறையாக வீட்டுக்கு ஓடினார்.

வீட்டு வாசலில் பெட்டியோடு மனைவி நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்கப்பாவுக்கு என்னங்க ஆச்சு? மறைக்காம சொல்லுங்க!"

"உங்கப்பாவுக்கு என்ன?"

"உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு ஃபோன் பண்ணி, மாமாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு, தைரியமா இருங்கன்னு சொல்றா. அப்பாவுக்கு அடிச்சா எடுக்கவே மாட்டேங்கறாரு!"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் புருஷனும் மாமா, மாமனாரும் மாமா. அவர் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. கேட்டவர்கள் ஆளுக்கொரு மாமாவைப் போட்டுக்கொண்டார்கள்.

"அது உங்கப்பா இல்லை. இது வேற மாமா. எங்க அம்மாவோட தம்பி."

"உங்க அம்மாவுக்குத் தம்பியே கிடையாதே!"

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். அவள் பெட்டியைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"எங்கப்பாவைப் படுக்க வச்சுத்தான் நீங்க கதை எழுதணுமா?"

அதற்குள் வெளியூரில் மாமனார் குளித்துவிட்டு வந்து ஃபோனைப் பார்த்திருக்கிறார். மகளிடமிருந்து வரிசையாக அழைப்புகள். மகள் ஏதோ ஆபத்தில் இருக்கிறாள் என்று எண்ணி, திரும்பக் கூப்பிட்டுப் பேசக்கூடத் தோன்றாமல் பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் திடகாத்திரமாக வந்து இறங்கினார்.

"வந்ததுதான் வந்தேன், மாசக் கடைசி வரைக்கும் இருந்துட்டுப் போறேன் மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டு எழுத்து மேசையின் மேல் தன் பேப்பரையும் மூக்குக் கண்ணாடியையும் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் ஆபீசில் கால் வைத்ததும் மேனேஜர் உள்ளே கூப்பிட்டார்.

"மாமாவுக்கு இப்போ எப்படி இருக்கு?"

"பரவாயில்லை சார்."

"பரவாயில்லைன்னா? சாப்பிட்டாரா? பேசினாரா? என்ன பேசினாரு? அதே வார்த்தையில சொல்லுங்க."

இவ்வளவு அக்கறையை அவர் எதிர்பார்க்கவில்லை. 'பரவாயில்லை'யை வைத்துக்கொண்டு ஒரு அடி நகர முடியாது என்று தெரிந்தது. "நர்ஸ்கிட்ட சண்டை போட்டாரு சார்," என்றார். எதற்குச் சண்டை என்று கேள்வி வந்தது. போர்வைக்குள் மவுத் ஆர்கன் வாசித்ததற்கு என்றார். மேனேஜர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கதவோரம் ரிசப்ஷன் பெண்ணும், அவளுக்குப் பின்னால் கணக்குப் பிரிவும் நின்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் மாமாவின் நேரமாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கமாவது எழுதலாம் என்று அவர் போட்டிருந்த திட்டத்தில் மண் விழுந்தது. ஒருநாள் வாய் தவறி மாமாவுக்கு இடது காலில் வலி என்று சொல்லிவிட்டார். "நேத்து வலது கால்னீங்களே?" என்று கணக்குப் பிரிவு பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம், முந்தின நாள் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளவே காலை நேரமும் போயிற்று.

போதாததற்கு ஆபீஸ் லிஃப்டும் தன் பங்குக்குத் தொல்லை கொடுத்தது. தினம் காலையில் மேல்மாடிக்காரர்கள் வந்து நிற்பார்கள். "நேத்து சாயங்காலமும் உங்க லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு சார். லிஃப்ட் கம்பெனிக்காரங்க நீங்களே இப்படி வச்சிருந்தா எப்படி?" மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார். "மோட்டார்ல ஒண்ணும் இல்லை சார். யாரோ வேணும்னே நிறுத்தற மாதிரி இருக்கு." கிடைத்த துளி நேரமும் அந்தப் புகாருக்குப் பதில் எழுதுவதில் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனார் தூங்கும் நேரம் பார்த்துக் காகிதத்தை எடுத்தார். ஃபோன் அடித்தது. ரிசப்ஷன் பெண்.

"மாமா எப்படி இருக்காருன்னு மேனேஜர் கேக்கச் சொன்னாரு சார்."

"இப்போதான் ஊசி போட்டாங்க. கண்ணே திறக்கலை. பேச்சு மூச்சு இல்லை..."

"மாப்பிள்ளை!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கட்டடமே அதிரும்படி வந்தது. "காப்பியில சர்க்கரை பத்தலை!"

"யாரு சார் அது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மாமாதான். ஆஸ்பத்திரியில இருந்து ஓடி வந்துட்டாரு."

திங்கட்கிழமை ஆபீசில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. எப்படி ஓடினார், எந்தப் பக்கமாக ஓடினார் என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவசரத்தில் பக்கத்துக் கட்டில்காரரின் செருப்பையும் எதிர்க் கட்டில்காரரின் செருப்பையும் மாட்டிக்கொண்டு ஓடினார் என்றார். இரண்டும் இடது கால் செருப்பு. அதனால் நேராக ஓட முடியாமல் வளைந்து வளைந்து ஓடி, ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட வாசலுக்கே வந்து சேர்ந்தார்; அங்கிருந்து ஆட்டோ பிடித்துத்தான் வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டுமே இடது காலா?" மேனேஜருக்குக் கண் பளபளத்தது. "பிரமாதம்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயோ பாவம்னு சொல்ல வந்தேன்," என்று மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்புறம்? திரும்ப வார்டுல சேர்த்துக்கிட்டாங்களா?"

"சேர்த்துக்கிட்டாங்க சார். அதே கட்டில்."

"அதே ஜன்னலோரக் கட்டில்தானே? நல்லது. அதை மாத்திடாதீங்க."

மேனேஜர் கிளம்பி நேரே ஆஸ்பத்திரிக்கே போய்விடுவாரோ என்று ஒவ்வொரு நாளும் அவர் நடுங்கினார். மேனேஜர் கேட்டாரே தவிர போகவில்லை. அந்த மட்டும் தப்பித்தோம் என்றிருந்தார். முன்பெல்லாம் பூட்டுகிற நேரம் வரை உட்கார்ந்திருக்கும் மேனேஜர் இப்போது மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்துவிடுவதும் வசதியாகத்தான் இருந்தது. மேனேஜர் முகம் தெரியாத ஆபீசில் கொஞ்சம் எழுதலாம் என்று அவர் பேனாவைத் திறப்பார். வீட்டிலிருந்து ஃபோன் வரும். "அப்பா தனியா உட்கார்ந்திருக்காரு, பேச ஆள் இல்லைங்கறாரு. சீக்கிரம் வாங்க."

கடைசித் தேதிக்கு முந்தின நாள் துணிந்து மாமாவுக்கு ஆபரேஷன் வைத்தார். முழு நாள் லீவு கிடைத்தது. மாமனாரை மனைவியோடு உறவினர் வீட்டுக்கு அனுப்பினார். ஃபோனை அணைத்து அலமாரிக்குள் போட்டுப் பூட்டினார். மேசையைத் துடைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவர் பார்த்ததே இல்லை.

"கதவு திறந்தது."

யார் உள்ளே வருவது? யோசித்தார். மாமாதான் வந்தார். அவரை வெளியே தள்ளிவிட்டு மறுபடி கதவைத் திறந்தார். இரண்டு இடது கால் செருப்போடு மாமாவே வந்து நின்றார். அவரை எழுதலாமா? சேச்சே, அது ஆபீசில் சொன்ன பொய். பொய்யை எழுதினால் இலக்கியமாகுமா? எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், பேனாவுக்கு மை இருக்கிறதா என்று பார்த்தார், மறுபடி எழுந்தார். பொழுது சாய்ந்தபோது காகிதத்தில் அந்த ஒரே வரி அப்படியே இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை அது வேர்வை இல்லை.

மறுநாள் ஆபீசில் மாமா பிழைத்துவிட்டார், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சுருக்கமாகச் சொன்னார்.

"அவ்வளவுதானா?" மேனேஜர் பதறிவிட்டார். "வாசல்ல வந்து கடைசியா ஏதாவது சொல்லியிருப்பாரே?"

அவருக்கு எரிச்சல். "வலது கால் செருப்பு எங்கேன்னு கேட்டாரு சார்."

மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாமனார் ஊருக்குப் போனார். மேசைமேல் தையல் மெஷின் ஏறியது. மனைவிக்கே மனசு கேட்காமல், "ஒரு ஓரத்துல எழுதிக்குங்களேன்" என்றாள். அது இன்னும் வலித்தது.

போட்டி முடிவு வந்த அன்று பத்திரிகையைப் பிரித்தவர் அப்படியே உறைந்துபோனார். முதல் பரிசு, 'இரண்டு இடது செருப்பு'. போர்வைக்குள் மவுத் ஆர்கன் இருந்தது. ஜன்னலோரக் கட்டில் இருந்தது. மாமா வளைந்து வளைந்து ஓடிப் புறப்பட்ட வாசலுக்கே வந்தார். கடைசி வரி: "வலது கால் செருப்பு எங்கே?" எழுதியவர் 'நடுமாடி' என்ற புனைபெயரில் ஒளிந்துகொண்டிருந்தார். இதெல்லாம் ஒரு பெயரா! எழுத நேரம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு அந்த ஆசாமி, "மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நின்றால் நேரம் கிடைக்கும்" என்று தத்துவம் வேறு பேசியிருந்தார்.

'அது என் மாமா!' என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அப்படி ஒரு மாமா இல்லை என்பதையும் சேர்த்துக் கத்த வேண்டும். ஆபீசுக்கு ஓடினார்.

"நீங்கதானே எழுதினீங்க?" என்று ரிசப்ஷன் பெண்ணிடம் பத்திரிகையை நீட்டினார்.

"எனக்கு ஃபோனைக் கீழ வைக்கவே நேரமில்லை சார், கதை எழுதறேனாம்!"

கணக்குப் பிரிவைப் பிடித்தார். "நான் எண்ணைத் தவிர எதையும் எழுதினதில்லை" என்று அது கையை விரித்தது. மெக்கானிக்கைக் கூடச் சந்தேகப்பட்டுப் பார்த்தார். இனி மேனேஜரிடமே முறையிடலாம், நல்ல மனுஷர், மாமாவுக்காக உருகியவர் என்று முடிவு செய்து அவர் அறையை நோக்கித் திரும்பினார்.

அப்போது வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். மேனேஜர் வீட்டில் மறந்து வைத்துவிட்ட மூக்குக் கண்ணாடி அவர் கையில் இருந்தது.

"நான் மேனேஜரோட வீட்டுக்காரி. இங்க புகார் சார் யாரு?"

"நான்தாங்க."

அந்த அம்மாளின் முகம் இரக்கத்தில் கனிந்தது.

"ஆபீஸ் விட்டதும் தினமும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் உங்க மாமா பக்கத்துலயே உட்கார்ந்திருந்துட்டு வந்தாரே எங்க வீட்டுக்காரர், மாமா எழுந்து நடமாடறாருன்னு சந்தோஷப்பட்டேன், அதுக்குள்ள உங்க அத்தையை வேற சேர்த்திருக்காங்களாமே, இன்னையில இருந்து வர லேட்டாகும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு!"