சாவை நிறுத்திவைத்தவள்

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சாவை நிறுத்திவைத்திருக்கிறேன். (ஒரு நாள்தான். அதற்குள் பிடித்துவிட்டார்கள்.)

அப்போது நான் மலேசியாவில் ஆய்வு மாணவி. மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைப் பயிரிட்டால் சுற்றுப்புறத்து வண்ணத்துப்பூச்சிகளுக்கு என்ன ஆகும் என்று கணினியில் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. அந்தச் சோளம் தன்னை அரிக்கும் புழுவுக்குத் தானே நஞ்சு வைத்திருக்கும். அதன் மகரந்தம் காற்றில் பறந்து பக்கத்துப் புதரில் விழும். அந்த இலையைத் தின்கிற அப்பாவிப் புழுவும் சேர்ந்து சாகுமா என்பதுதான் கேள்வி. திரையில் இரண்டு வயல்: ஒன்றில் மாற்றிய சோளம், மற்றதில் சாதாரணச் சோளம். இரண்டின் மேலும் மஞ்சள் பூச்சிகள் மிதக்கும். செத்தால் கறுத்து, சுழன்று, மெல்ல விழும். (விழ வேண்டிய அவசியமே இல்லை. அழகுக்காக நானே இரண்டு வாரம் மெனக்கெட்டுச் செய்தது.)

திங்கட்கிழமை காஜாங்கில் ஆய்வுக் குழுவின் முன் இதைக் காட்ட வேண்டும். அவர்கள் தலையாட்டினால்தான் அடுத்த ஆண்டு உதவித்தொகை. இல்லாவிட்டால் படிப்புக்கு முழுக்கு.

ஞாயிறு மதியம் பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டில் ஒத்திகை. வெளியே நல்ல மழை. அக்காவின் நான்கு வயது மகள் யாழினி என் மடியில் ஏறிக்கொண்டாள்.

"சித்தி, அது ஏன் கீழ விழுது?"

"செத்துப்போச்சும்மா."

வீடே அதிர அழுதாள். அடுப்படியிலிருந்து அக்கா கத்தினாள்: "ஏய், பிள்ளைய அழ வைக்காத லா! அத மொதல்ல நிறுத்து!"

நிறுத்தினேன். இறப்பு வீதம் என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டேன்.

"இப்ப யாரும் சாக மாட்டாங்களா?"

"சாகவே மாட்டாங்க."

அவள் அப்படியே தூங்கிப்போனாள். மழைச் சத்தத்தில், விழாத பூச்சிகளைப் பார்த்துக்கொண்டு நானும் தூங்கிவிட்டேன். பூஜ்ஜியம் மட்டும் விழித்திருந்தது.

மறுநாள் விளக்கை அணைத்துத் திரையை ஓட விட்டேன். இரண்டு வயலிலும் மஞ்சள் பெருகியது. இரண்டாம் ஆண்டில் சோளம் மறைந்தது, ஐந்தாம் ஆண்டில் வானம் மறைந்தது. அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம், எல்லார் முகத்திலும் சிறகுகள். அழகில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். (மயங்கியது நான்.)

"ஆகவே, ஆபத்து பூஜ்ஜியம்!" என்றேன், கை விரித்து.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் பொறுமையாகக் கேட்டார். சாதாரணச் சோள வயலில் இருப்பவை வயதாகிக்கூடச் சாகவில்லையா?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் வாயில் வந்தது உண்மைதான்: "அக்கா மகள் அழுதாள். அதனால் சாவை எடுத்துவிட்டேன்."

ஒருவர் இருமினார். இன்னொருவர் இருமுவதுபோல் சிரித்தார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. "மரணத்தைச் சேர்த்துவிட்டு மூன்று மாதத்தில் மறுபடி வரவும். அதுவரை உதவித்தொகை நிறுத்திவைக்கப்படுகிறது." மூன்று மாதம் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சாப்பிட்டேன். மரணத்தையும் சேர்த்தேன். மாற்றிய சோளத்தின் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தன. தேறிவிட்டேன்.

அக்கா அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், "நம்ம வீட்டு எமனே லீவுல இருக்கான், பயப்படாதீங்க" என்பாள்.

போன வருடம் கிள்ளானில் அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை. தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது, பதினான்கு வயதாகி இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும் யாழினிதான் குனிந்து அவர் காதில் சொன்னாள்:

"தாத்தா, டென்ஷன் ஆகாதீங்க லா. சித்தி ஸீரோ போட்டாச்சு."

அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நல்லபடியாகத் திரும்பியும் வந்தார். இடையில் நான்கு மணி நேரம், மூடிய கதவைப் பார்த்தபடி, அந்தத் தப்புக் கணக்கை மனசார நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.